ஒரே வாங்கில் இருந்து பாடுவது

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தேவாலயத்துக்குப் போனேன். நாங்கள் சைவக் குடும்பம். கும்பிடப் போகவில்லை, பாட்டுக் கேட்கப் போனோம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே பாடகர் குழுவில் பாடுகிறார். அவர் இரண்டு ரிக்கெற் தந்தார். அம்மாவுக்கு அன்று வேலை. அதனால் அம்மம்மா வந்தார்.

இடம் வோபர்ன். ஸ்காபரோவில் இருக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பகுதி தெரிந்திருக்கும். மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் பக்கம். 102ஆம் இலக்கப் பேருந்தில் போனால் தமிழ்க் கடைகளையும் உயரமான குடியிருப்புகளையும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் வோபர்ன் ஒரு சின்னக் கிராமம். ஸ்காபரோ ஊர்ச்சபை அப்போது இங்கேதான் கூடியது. ஸ்காபரோ 1998இல் ரொறன்ரோ மாநகரத்தோடு சேர்ந்துவிட்டது. கிராமம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உள்ளே நீளமான மர வாங்குகள். வாங்கு என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? பெஞ்ச். யாழ்ப்பாணத்தில் வாங்கு என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வரும்.

நாற்பது பேர் வரை வந்து நான்கு வரிசையாக நின்றார்கள். கறுப்பு உடுப்பு, கையில் ஒரு கறுப்பு ஃபைல். அதில் ஆசிரியர், தாதி, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், பல்கலைக்கழக மாணவர் எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் தொழில்முறைப் பாடகர் இல்லை. அவர்களுக்கு முன்னால் சில வயலின்கள், ஒரு செலோ, ஒரு ஓபோ, ஒரு ட்ரம்பெட், பக்கத்தில் ஓர்கன். பாடியது அன்ரோனியோ விவால்டியின் ‘குளோரியா’. கடவுளைப் புகழும் லத்தீன் வழிபாட்டுப் பாடல் அது. 12 பகுதிகள், ஏறத்தாழ அரை மணி நேரம்.

“உங்களுக்கு லத்தீன் விளங்குமோ அம்மம்மா?” என்று கேட்டேன்.

“தேவாரம் உனக்கு முழுக்க விளங்குதோ?” என்று திருப்பிக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதலாவது பகுதி வேகமாகத் துள்ளிக்கொண்டு போகிறது. இரண்டாவது பகுதி அப்படியில்லை. பூமியில் அமைதி உண்டாகட்டும் என்று பாடும் இடம் அது. மெதுவாக, கவலையான ஒரு சுரத்தில் தொடங்குகிறது. ஒரு குரல் வரும், அதன் மேல் இன்னொன்று வந்து இடிக்கும், பிறகு இரண்டும் இணங்கும். அமைதியைப் பாடும்போது ஏன் இவ்வளவு கவலை என்று யோசித்தேன். அமைதி இன்னும் வரவில்லை, அதனால்தான் கேட்கிறார்கள் என்று தோன்றியது.

கர்நாடக இசை படிக்கிற உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சங்கீதத்தில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றுதான். பாடகர் குழு அப்படியில்லை. பெண்களின் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ. ஆண்களின் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பாஸ். ஒரே நேரத்தில் நான்கு மெட்டுகள் போகின்றன. ஒவ்வொன்றும் தனியே கேட்டால் அரைகுறையாக இருக்கும். சேர்ந்தால்தான் பாட்டு.

இடைவேளையில் அந்த நண்பர் இன்னொரு விஷயமும் சொன்னார். நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கும்போது எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுக்கக் கூடாது. எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் பாட வேண்டும், நீங்கள் எடுக்கும்போது அவர் பாடுவார். அதனால்தான் கேட்பவர்களுக்கு அந்தச் சுரம் முடிவே இல்லாதது போல இருக்கிறது. “பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்கப் பழகுவதுதான் பாதிப் பயிற்சி” என்றார்.

கடைசியில் சபையோரும் சேர்ந்து ஒரு கிறிஸ்மஸ் பாட்டுப் பாட வேண்டும் என்று சொல்லித் தாள்கள் கொடுத்தார்கள். தாள் எல்லோருக்கும் போதவில்லை. எங்கள் வாங்கில் இருந்த ஒரு பெண் தன் தாளை அம்மம்மா பக்கம் நீட்டி ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னார். அம்மம்மா பிடித்தார். பாட்டு முடியும் வரை இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மம்மா வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் வாசிக்கக் கஷ்டமாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னார்.

“நானும் சின்னனில கொயரில பாடினனான். மிஷன் பள்ளிக்கூடம். எங்களோட ஒரு பிள்ளை படிச்சவள். அவளின்ர குரல் மாதிரி ஒருத்தருக்கும் இல்லை. பாட்டுப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒண்டுதான். ரீச்சர் என்னை அவளோட விட்டா. நான் புத்தகத்தைப் பிடிக்கேல்லை. அவங்கட ஆக்களோட தொட்டுப் பிடிக்கக் கூடாதெண்டு வீட்டில சொல்லி விட்டவை. அவள் ஒரு கிழமையில பாட்டெல்லாம் பாடமாக்கிப்போட்டு, புத்தகத்தை என்ர கையில தந்திட்டாள்.”

பிறகு கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில கிழமைகளாக நான் இதைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து பாடுவது எப்படி வந்தது? யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று முடிவு செய்தது யார்? நான் அறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் விவால்டி. 1703இல் அவர் வெனிஸ் நகரில் ‘பியெத்தா’ என்ற ஆதரவற்றோர் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். பெற்றோர் வளர்க்க முடியாமல் விட்டுச் சென்ற குழந்தைகளை எடுத்து வளர்க்கும் இடம் அது. பாடக் கூடிய பெண்பிள்ளைகளுக்கு அங்கே மிக நல்ல இசைப் பயிற்சி கிடைத்தது. ‘குளோரியா’ 1715ஆம் ஆண்டளவில் அந்தப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பது பொதுவான கருத்து. நாங்கள் கேட்ட பாஸ் பகுதியைக்கூட அங்கே பெண்களே பாடினார்களா என்று இசை வரலாற்றாளர்கள் இன்றும் ஆராய்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாசித்த கருவிதான் பெயர். அவர்களில் மிகப் புகழ் பெற்றவரை ‘வயலின் அன்னா மரியா’ என்றே அழைத்தார்கள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் கேட்க வந்தார்கள். ஆனால் பாடியவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. மேலே ஒரு மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று பாடினார்கள். அவர்களின் குரல் வேண்டும், ஆனால் அவர்கள் பக்கத்தில் வந்து நிற்கக் கூடாது. அம்மம்மா சொன்னதும் இதுவும் வேறு வேறு நாடு, வேறு வேறு காரணம். ஆனாலும் எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

விவால்டி 1741இல் இறந்தார். அவருடைய இசை மெல்ல மறக்கப்பட்டது. 1920களில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கண்டெடுக்கப்பட்டு இத்தாலியின் தூரின் நகர நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1939இல் சியெனா நகரில் ‘குளோரியா’ திரும்பப் பாடப்பட்டது. வோபர்னில் நாங்கள் கேட்ட பாட்டு ஏறத்தாழ 200 வருடம் பேச்சில்லாமல் கிடந்த பாட்டு.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். விவால்டி பியெத்தாவில் சேர்ந்து மூன்று வருடம் கழித்து, 1706இல், சீகன்பால்க் என்ற ஜேர்மன் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். சீகன்பால்க் தமிழ் படித்தார், அச்சுக்கூடம் வைத்தார், பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது.

அவரும் பின்னால் வந்தவர்களும் ஜேர்மன் பாட்டுகளைத் தமிழில் மொழிபெயர்த்து, அதே ஜேர்மன் மெட்டில் பாட வைத்தார்கள். சென்னையில் வாழ்ந்த பப்ரிசியஸ் என்ற பாதிரியார் அப்படிப் பல பாட்டுகளை மொழிபெயர்த்தவர். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். ‘கல்’ என்பதை இழுத்தால் ‘கால்’, ‘படம்’ என்பதை இழுத்தால் ‘பாடம்’. வேறு மொழிக்குப் போட்ட மெட்டில் தமிழ்ச் சொல்லை இருத்தும்போது எங்கே நீட்டுவது, எங்கே குறுக்குவது என்று தடுமாற வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் வேதநாயகம் சாஸ்திரியார் வருகிறார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சுவார்ட்ஸ் என்ற ஜேர்மன் பாதிரியார் அவரைச் சிறுவனாக இருக்கும்போது தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிப்பித்தார். அதே சுவார்ட்ஸிடம் படித்த இன்னொரு பிள்ளை பின்னர் தஞ்சாவூர் அரசரான இரண்டாம் சரபோஜி. இருவரும் நண்பர்கள்.

தஞ்சாவூர் அப்போது கர்நாடக இசையின் தலைநகரம் போல இருந்தது. நீங்கள் படிக்கும் வயலின் கர்நாடக இசைக்குள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அந்தச் சூழலில் வளர்ந்த சாஸ்திரியார், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகத்திலும் தாளத்திலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதினார். 1800இல் அவர் எழுதத் தொடங்கிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி வருகிறாள், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற விஞ்ஞானமும் வருகிறது. எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. எங்கள் மொழியில், எங்கள் இசையில் பாடலாம் என்று நின்ற மனிதர் அல்லவா?

பிறகு 1829ஆம் ஆண்டுக்கு வந்தேன்.

அந்தக் காலத்தில் தஞ்சாவூருக்குப் புதிய மிஷனரிகள் வந்திருந்தார்கள். சாஸ்திரியாருக்கும் அவர்களுக்கும் பெரிய சண்டை. அவர்கள் செய்கிற கொடுமைகள் என்று அவர் நான்கைப் பட்டியல் போட்டு எழுதினார். பழகிப்போன பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. கலியாணத்திலும் திருவிழாவிலும் பூ வைப்பதைத் தடுப்பது ஒன்று. தேவாலய வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்துவது ஒன்று. இந்த மூன்றையும் வாசித்தபோது நான் முழுக்க அவர் பக்கம் நின்றேன்.

நான்காவது, எல்லாச் சாதியினரையும் தேவாலயத்தில் ஒன்றாக இருத்துவது.

ஆம், அதையும் அவர் கொடுமை என்றுதான் எழுதினார். சாதிப்படி தனித்தனியாக இருப்பதுதான் முறை என்று வாதாடினார். அதற்காகவே ஒரு நூலும் எழுதினார். தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே தேவாலயங்களில் வெள்ளாளரும் பறையரும் பிரிந்து இருப்பது வழக்கமாகியிருந்தது. பழைய மிஷனரிகள் அதை ஒத்துக்கொண்டு போனார்கள். புதியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாஸ்திரியார் தன் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி அவரை ஆதரித்தார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தேவாலயத்தில் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அதை ஏற்காமல் பலர் தேவாலயத்தை விட்டே போனார்கள்.

இதை வாசித்து முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தமிழ் இசையை வெளியே தள்ளியவர்கள் ஒரு பக்கம். அவர்கள் சாதிப் பிரிவினையையும் தள்ளினார்கள். தமிழ் இசைக்காக நின்றவர் இன்னொரு பக்கம். அவர் சாதிப் பிரிவினைக்காகவும் நின்றார். இதில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துத் தரும்படி என்னைக் கேட்காதீர்கள். மிஷனரிகளுக்கு எங்கள் இசையின் அருமை தெரியவில்லை. சாஸ்திரியாருக்கு அந்த இசையைப் பாட வந்த எல்லோரும் சமம் என்று தெரியவில்லை. எங்களுடையது என்று அவர் காப்பாற்றியதில் பாட்டும் இருந்தது, பாட்டோடு சேர்ந்து மற்றவரைத் தள்ளி வைப்பதும் இருந்தது. நாங்கள் அவருடைய பாட்டை எடுத்துக்கொள்ளலாம். மற்றதை எடுக்கத் தேவையில்லை.

பாட்டு வென்றது. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டுக்கென்று அச்சிட்டார். அதற்குப் பிறகு கீர்த்தனைகள் ஊர் ஊராகப் பரவின. சாஸ்திரியார் 1864இல், 89 வயதில் இறந்தார். இன்று தமிழ்த் தேவாலயங்களில் மேல்நாட்டு மெட்டில் பாமாலைப் பாட்டும் பாடுகிறார்கள், ராகத்தில் கீர்த்தனையும் பாடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார்கள். ஆனால் இங்கேயும் கேள்வி அதே வாங்குதான். யாழ்ப்பாணத்துப் பல பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது தனி வாங்கில் இருந்தார்கள். 1920களின் கடைசியில் சம ஆசனம் வந்தது. அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்த வேண்டும் என்ற விதி. அதைப் பொறுக்க முடியாமல் சிலர் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் ஒரே வாங்கில் இருக்கக் கூடாது என்பதற்காக, அந்த வாங்குகளையே எரித்தார்கள்.

1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதி சொல்லி ஒருவரைப் பள்ளியிலோ கோயிலிலோ கடையிலோ தடுப்பது குற்றமானது. 1968இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே இது கிறிஸ்தவர்களின் கதை மட்டும் இல்லை. எங்கள் கோயிலின் கதையும்தான்.

அம்மம்மா படித்தது 1950களில். அப்போது விதிப்படி வாங்கு ஒன்றாகிவிட்டது. அந்தப் பிள்ளை அதே வகுப்பில், அதே கொயரில் நின்று பாடினாள். ஆனால் ஒரு பாட்டுப் புத்தகத்தின் இரண்டு நுனிகளை இரண்டு பிள்ளைகள் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. அதை அந்தப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். எங்கள் அம்மம்மா செய்யவில்லை.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எழுது பிள்ளை. நான் சின்னப் பிள்ளை, எனக்குத் தெரியாதெண்டு மட்டும் எழுதாதை. எனக்குத் தெரியும்.”

அந்தப் பிள்ளையின் பெயர் அவருக்கு நல்ல ஞாபகம். என்னிடம் சொன்னார். அவர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் பெயரை எழுதுவது சரியில்லை. அதனால் விடுகிறேன்.

வோபர்னில் அந்தப் பின்னேரம் ஒரு இடம் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ‘குளோரியா’வின் எட்டாவது பகுதியில் ஆல்ட்டோக் குரலில் ஒரு பெண் தனியாகப் பாடுவார், குழு முழுவதும் பதில் சொல்லும். அவர் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. அம்மம்மா என் காதுக்குள், “பஜனை மாதிரி” என்றார். பாடிய பெண் வரிசையை விட்டு முன்னுக்கு வந்து பாடினார். முடிந்ததும் திரும்பிப் போய், இரண்டு பேருக்கு நடுவில் தன் இடத்தில் நின்றுகொண்டார். பக்கத்தில் நின்றவர் தன் ஃபைலைக் கொஞ்சம் சரித்து, எந்தப் பக்கம் என்று அவருக்குக் காட்டினார். ஒரு நொடிதான். அம்மம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம், ஊரில் படித்த யாரிடமாவது கேளுங்கள். வகுப்பில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யார் பக்கத்தில் இருக்கவில்லை? முதல் இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவர்கள் கோப்பை கழுவ எழும்பிப் போனாலும், திரும்பி வரும்வரை காத்திருங்கள்.